இசிஜி நார்மல், ஆனாலும் நெஞ்சு படபடக்கிறது

மூன்று இசிஜி, இரண்டு எக்கோ, ஒரு டிரெட்மில், ஒரு எண்டோஸ்கோப்பி. இத்தனை ரிப்போர்ட்டையும் ஒரு மஞ்சள் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு மனநலப் பிரிவுக்கு வருபவர் பெரும்பாலும் தானாக வந்திருக்க மாட்டார். இதய மருத்துவர் சீட்டு எழுதி அனுப்பியிருப்பார். முகத்தில் கோபம் தெரியும். “எனக்கு மனசுல ஒண்ணும் இல்ல டாக்டர். திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிக்குது, கேஸ் மேல ஏறி மூச்சை அடைக்குது, உயிரே போயிடும்போல இருக்கு. இதுக்குப் போய் இங்க அனுப்பிட்டாங்க.”

அவர் சொல்வதில் பொய் எதுவும் இல்லை. அந்த நேரத்தில் நாடியைப் பிடித்தால் நிமிடத்துக்கு 110, 120 இருக்கும். இதற்குப் பெயர் பேனிக் அட்டாக், திடீரென்று எழும் பெரும்பயம். அது மனப்பிரமை இல்லை, உடம்பில் நடப்பது. ஆபத்து வந்தால் ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு, ஆபத்தே இல்லாத நேரத்தில் முழு வேகத்தில் கிளம்பிவிடுகிறது. அட்ரினலின் சுரந்து இதயம் வேகமெடுக்கிறது, வியர்க்கிறது, கை நடுங்குகிறது, வயிறு பிசைகிறது. பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, அரை மணி நேரத்தில் பெருமளவு தணிந்துவிடும். அதன்பின் நாள் முழுக்க ஒரு அசதி இருக்கும்.

மூச்சு விஷயம்தான் பலரைக் குழப்புகிறது. மூச்சு போதவில்லை என்று தோன்றும்போது ஆக்சிஜன் குறைந்திருப்பதில்லை; விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினால் 98, 99 காட்டும். வேகவேகமாக மூச்சு வாங்குவதால் குறைவது கரியமில வாயு. அது குறைந்தால் மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சற்றே சுருங்கும். தலை கிறுகிறுக்கும், சுற்றி நடப்பதெல்லாம் கனவில் நடப்பதுபோல விலகித் தெரியும். இரத்தம் காரத்தன்மைப் பக்கம் சாய்வதால் அதில் தனித்திருக்கும் கால்சியமும் குறைகிறது. அதனால் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரத்துப்போய் எறும்பு ஊர்வதுபோல இருக்கும். சிலருக்கு விரல்கள் குவிந்து அப்படியே இறுகிவிடும். இதைப் பார்த்துவிட்டு வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதை இன்றும் பார்க்கலாம். அது வலிப்பும் இல்லை. வலிப்பாகவே இருந்தாலும் இரும்புக்கு அங்கே வேலை இல்லை.

“மயங்கி விழுந்துடுவேன்” என்பது அடுத்த பயம். மயக்கம் வர இரத்த அழுத்தம் விழ வேண்டும். பேனிக்கில் அது ஏறும். ஆகவே உண்மையாக மயங்கி விழுவது அரிது. ஊசியையும் இரத்தத்தையும் பார்த்து விழுபவர்களின் கதை வேறு, அவர்களுக்கு அழுத்தம் நிஜமாகவே இறங்கும்.

முதலில் உடம்பைப் பார்த்துவிடுங்கள்

முதல்முறை வரும் நெஞ்சுப் படபடப்பை வீட்டிலேயே “டென்ஷன்” என்று முடிவுகட்டக் கூடாது. வயது நாற்பதைத் தாண்டியவர், சர்க்கரையோ பிபியோ உள்ளவர், புகைப்பவர், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்தவர் இருப்பவர் என்றால் 108-ஐ அழைப்பதுதான் சரி. படி ஏறும்போது வந்து உட்கார்ந்தால் குறையும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி ஆகியவற்றுக்கும் அப்படியே. ஒரே ஒரு இசிஜி நார்மல் என்பதால் மாரடைப்பு இல்லை என்று ஆகிவிடாது. அதனால்தான் சில மணி நேரம் உட்கார வைத்து இரண்டாவது இசிஜியும், இதயத் தசையின் பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் இரத்தப் பரிசோதனையும் செய்கிறார்கள். அவசரப்பட்டு எழுந்து போய்விடாதீர்கள்.

இதயத்தைத் தவிரவும் பார்க்க வேண்டியவை உண்டு. தைராய்டு கூடினால் படபடக்கும். ஒரு டிஎஸ்ஹெச் இரத்தப் பரிசோதனை போதும். இரத்தசோகையில் படபடக்கும், ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமெபிரைடு மாத்திரையோ எடுப்பவருக்குச் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி இதே நடுக்கமும் வியர்வையும் வரும். அந்த நேரத்தில் குளுக்கோமீட்டரை எடுக்க வேண்டும், மூச்சுப் பயிற்சியை இல்லை. சுவிட்சைப் போட்டதுபோல ஆரம்பித்து, அணைத்ததுபோல நிற்கும் படபடப்பு, நாடி 150-ஐத் தாண்டினால், இதயத்தின் மின்னோட்டக் கோளாறாக இருக்கலாம். இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதிவுசெய்யும் ஹோல்டர் கருவியை ஒரு நாள் மாட்டிப் பார்ப்பார்கள். தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் மறுநாளே கைநடுக்கமும் படபடப்பும் வரும். அதை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது, இரண்டு நாளுக்குள் வலிப்பு வரக்கூடும். மருத்துவமனையில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும். ஆஸ்துமாவுக்கு எடுக்கும் சால்பியூட்டமால், சில சளி மாத்திரைகள், வெறும் வயிற்றில் குடிக்கும் மூன்றாவது டம்ளர் டிகாஷன் காப்பி, எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இந்தப் பட்டியலை ஒரு முறை முழுதாக முடிக்க வேண்டும். முடித்தபின் நிறுத்த வேண்டும். நான்காவது எக்கோ நோயாளிக்கு இரண்டு நாள் நிம்மதி தரும், மூன்றாம் நாள், “அந்த லேப்ல சரியா பார்த்திருப்பாங்களா?” என்ற கேள்வி வரும். புதிதாக வேறு அறிகுறி வந்தாலன்றி மறுபரிசோதனை, நோயை வளர்ப்பதில்தான் உதவுகிறது.

எது இதை வளர்க்கிறது

ஒரு முறை பேனிக் அட்டாக் வருவது வாழ்க்கையில் பலருக்கும் நடக்கும். தூக்கம் கெட்ட வாரம், காய்ச்சல் விட்ட மறுநாள், வெயிலில் நெரிசலான பஸ்ஸில் நின்ற நேரம் என்று ஏதோ ஒன்று தூண்டிவிடும். அது நோயாக மாறுவது அடுத்த வாரங்களில் நாம் செய்யும் காரியங்களால்.

பஸ்ஸில் வந்ததா, அடுத்த நாள் பஸ் வேண்டாம், ஷேர் ஆட்டோ. பிறகு ஷேர் ஆட்டோவும் வேண்டாம், பைக்கில் யாராவது கொண்டுபோய் விடட்டும். ரேஷன் வரிசை, முடிவெட்டும் நாற்காலி, கல்யாண மண்டபத்தின் நடுவரிசை, கோயில் நெரிசல் என்று சட்டென்று எழுந்து வெளியேற முடியாத இடங்கள் ஒவ்வொன்றாகப் பட்டியலில் சேரும். போனாலும் தனியாகப் போவதில்லை. போகும்போது பையில் தண்ணீர் பாட்டில், சட்டைப் பையில் ஒரு மாத்திரை, ஒரு ஈனோ பாக்கெட். உட்காருவது கதவுக்குப் பக்கத்து இருக்கையில். போகும் வழியில் எந்தெந்த மருத்துவமனை இருக்கிறது என்பது மனப்பாடம். கைக்கடிகாரத்தில் நாடியைப் பார்ப்பது மணிக்கு நாற்பது தடவை. பார்க்கப் பார்க்க அது ஏறும், ஏறுவதைப் பார்த்து இன்னும் ஏறும்.

இவை ஒவ்வொன்றும் அந்த நேரத்துக்குப் பயத்தைக் குறைக்கின்றன என்பதுதான் சிக்கல். இறங்கி ஓடியவுடன் நெஞ்சு அடங்குகிறது. “இறங்கினதாலதான் பிழைச்சேன்” என்று மூளை குறித்துக்கொள்கிறது. இறங்காமல் இருந்திருந்தாலும் இருபது நிமிடத்தில் அடங்கியிருக்கும் என்பதைத் தெரிந்துகொள்ள அதற்கு வாய்ப்பே கொடுக்கப்படவில்லை.

எனவே சிகிச்சையின் நடு முதுகெலும்பு, விட்ட இடத்துக்குப் படிப்படியாகத் திரும்பிப் போவதுதான். மதுரையில் மாட்டுத்தாவணியிலிருந்து பெரியார் நிலையம் வரை பஸ்ஸில் போக முடியாதவர் என்று வைத்துக்கொள்வோம். முதல் படி, நிற்கும் பஸ்ஸில் ஏறிப் பத்து நிமிடம் உட்கார்ந்து இறங்குவது. அடுத்து மனைவியோடு இரண்டு நிறுத்தம். அடுத்து மனைவி பின்வரிசையில், இவர் முன்வரிசையில். பிறகு கூட்டமில்லாத மதியம் இரண்டு மணிக்குத் தனியாக. கடைசியில் காலை ஒன்பது மணி நெரிசலில், பாட்டிலும் மாத்திரையும் இல்லாமல். ஒவ்வொரு படியிலும் இரண்டு விதிகள்: பயம் பாதியாகக் குறையும் வரை இறங்கக் கூடாது, வாரத்தில் நான்கைந்து நாளாவது செய்ய வேண்டும். வாரம் ஒரு முறை செய்தால் ஒவ்வொரு முறையும் முதல் முறையாகவே இருக்கும். பெரும்பாலானவர்கள் சறுக்குவதும் இங்கேதான். ஒரு நாள் பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கிவிட்டால், முந்தைய படிக்குப் போய் மறுநாளே திரும்ப ஏற வேண்டும்.

உடம்பின் அறிகுறிகளுக்கே பயப்படுபவர்களுக்கு அவற்றை வேண்டுமென்றே வரவழைத்துப் பழக்குவதும் உண்டு. நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடினால் நெஞ்சு அடிக்கும். சுழல் நாற்காலியில் ஒரு நிமிடம் சுற்றினால் தலை கிறுகிறுக்கும். மெல்லிய ஸ்ட்ரா வழியாக ஒரு நிமிடம் மூச்சுவிட்டால் மூச்சுமுட்டும். வந்தது, தானாகப் போனது என்று உடம்புக்குத் தெரிய வேண்டும். இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைச் செய்யக் கூடாது. மற்றவர்களும் முதல் முறை சிகிச்சையாளர் முன்னிலையில் செய்வது நல்லது.

மூச்சுப் பயிற்சியில் ஒரு தவறு பரவலாக இருக்கிறது. சுற்றி நிற்பவர்கள் “நல்லா இழுத்து விடு, இழுத்து விடு” என்பார்கள். ஏற்கெனவே அதிகமாக வாங்கும் மூச்சை இன்னும் ஆழமாக வாங்கினால் கிறுகிறுப்பு கூடும். செய்ய வேண்டியது, மூக்கால் நான்கு எண்ணும் வரை மெதுவாக இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுவது. வயிற்றில் வைத்த கை எழும்ப வேண்டும், தோள் எழும்பக் கூடாது. நன்றாக இருக்கும்போதே காலையும் மாலையும் ஐந்து நிமிடம் பழகியிருந்தால்தான் தேவைப்படும் நேரத்தில் வரும். காகிதப் பையில் மூச்சுவிடும் பழைய வழக்கம் வேண்டாம். வந்திருப்பது பேனிக் இல்லாமல் இதயக் கோளாறாகவோ ஆஸ்துமாவாகவோ இருந்தால் ஆபத்து.

மாத்திரை பற்றி

மெடிக்கலில் “தூக்கம் வர, படபடப்புக்கு” என்று கேட்டு வாங்கும் அல்பிரசோலம், சீட்டில்லாமல் விற்கக் கூடாத எச்1 பட்டியலில் உள்ள மருந்து. அரை மணியில் கேட்கிறது என்பதே அதன் கவர்ச்சி. ஆறேழு மணி நேரத்தில் இறங்கும்போது படபடப்பு திரும்பி வரும், அடுத்த மாத்திரை தேடும். தினமும் எடுத்தால் சில வாரங்களிலேயே உடம்பு அதற்குப் பழகிவிடும். அதன்பின் சட்டென்று நிறுத்தினால் தூக்கம் போகும், நடுங்கும், சிலருக்கு வலிப்பே வரும். மதுவோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கும். மாதக்கணக்கில் எடுத்தவர்கள் நாமே நிறுத்திவிடுவோம் என்று இறங்காமல், மருத்துவர் கணக்குப்படி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

நீண்டகாலத்துக்கு உதவுவது எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் வகை. பேனிக் உள்ளவர்களுக்குப் பாதி அளவில் ஆரம்பிப்பார்கள்: எஸ்சிட்டலோபிராம் 5 மில்லிகிராம், செர்ட்ராலின் 25. காரணம், முதல் வாரத்தில் இவை படபடப்பையும் குமட்டலையும் சற்றுக் கூட்டலாம். “மாத்திரை ஒத்துக்கல” என்று மூன்றாம் நாளே நிறுத்துபவர்கள் இதைச் சொல்லி அனுப்பாததால் நிறுத்துபவர்களே. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், முழுதாகத் தெரிய இன்னும் கூடுதலாக ஆகும். சரியானபின்னும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் தொடர வேண்டும். இவை அல்பிரசோலம்போல மேலும் மேலும் கேட்க வைப்பதில்லை. ஆனால் ஒரேயடியாக நிறுத்தினால் தலைசுற்றலும் மின்சாரம் அடித்ததுபோன்ற உணர்வும் வரலாம். இளவயதினரை முதல் சில வாரங்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: சாக வேண்டும் என்ற எண்ணமோ புதிதாக ஒரு பதற்றமோ தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நம் ஊரில் எஸ்சிட்டலோபிராமையும், அல்பிரசோலம் வகையைச் சேர்ந்த குளோனசெபாமையும் ஒரே மாத்திரையில் சேர்த்து விற்கிறார்கள். அட்டையின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். இரண்டு பெயர் இருந்தால் அதை எத்தனை நாள் எடுக்க வேண்டும், தனி எஸ்சிட்டலோபிராமுக்கு எப்போது மாற்றுவீர்கள் என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். கேட்காவிட்டால் அதே சீட்டில் இரண்டு வருடம் ஓடிவிடும்.

வீட்டில் இருப்பவர்கள்

அட்டாக் வரும்போது ஐந்து பேர் சூழ்ந்து விசிறுவது, சோடா உடைப்பது, உள்ளங்கையைத் தேய்ப்பது எல்லாம் “பெரிசா ஏதோ ஆகிடுச்சு” என்ற செய்தியைத்தான் தரும். ஒருவர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். “ஒண்ணும் இல்ல, எல்லாம் உன் நினைப்பு” என்று சொல்ல வேண்டாம்; அடிக்கும் நெஞ்சை இல்லை என்றால் கோபம்தான் வரும். “அன்னிக்கு வந்தது மாதிரிதான் இதுவும். கொஞ்ச நேரத்துல இறங்கிடும். நான் இங்கயே இருக்கேன்” என்று குரலைத் தாழ்த்திச் சொல்லுங்கள். அடங்கியபின் அன்றைக்குத் திட்டமிட்ட வேலையைச் செய்ய விடுங்கள். லீவு போடச் சொல்லிப் படுக்க வைப்பது அன்பாகத் தெரிந்தாலும் அது இன்னொரு தவிர்ப்பு. மந்திரித்துக் கயிறு கட்டுவதில் எங்களுக்குச் சண்டை இல்லை, மாத்திரையை நிறுத்திவிட்டுக் கட்டச் சொல்லாதவரை.

பல மாதம் இப்படி அடைந்து கிடப்பவருக்கு மனச்சோர்வும் சேர்ந்துகொள்ளும். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு, எதிலும் ஈடுபாடின்மை, “நான் எல்லாருக்கும் பாரம்” என்ற பேச்சு வந்தால் பேனிக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. அரசின் மனநல உதவித் தொலைபேசி சேவையான டெலி மானஸ் எண் 14416, கட்டணமில்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளர் பிரிவு உண்டு, மருந்து இலவசம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் வரும் கிழமையைப் பக்கத்து அரசு மருத்துவமனையில் விசாரிக்கலாம்.

நன்றாகி ஆறேழு மாதம் கழித்து, பிள்ளையின் பொதுத்தேர்வு மாதத்திலோ டெங்கு விட்ட வாரத்திலோ ஒன்று திரும்பவும் வரலாம். அதற்கு மறுபடி எக்கோ எடுக்க வேண்டியதில்லை. காப்பியை ஒரு டம்ளராகக் குறைத்து, தூங்கும் நேரத்தைச் சரிசெய்து, பஸ்ஸில் போவதை மட்டும் நிறுத்தாமல் இருந்தால் பெரும்பாலும் அதோடு போய்விடும். இரண்டு வாரத்துக்குள் அடுத்தடுத்து வந்தால் பழைய சீட்டை எடுத்துக்கொண்டு அதே மருத்துவரிடம் போங்கள். பீரோவில் மிச்சமிருக்கும் அட்டையைத் தேடி நீங்களாக ஆரம்பித்துவிடாதீர்கள்.