நொதியத் தொகுப்பு

உயர்தரத்தில் இரசாயனம் படிக்கிற பிள்ளைகள்கூட இதை 'என்சைமெட்டிக் சிந்தசிஸ்' என்றே சொல்லிவிட்டுப் போகிறார்கள். தேவையே இல்லை. நொதியம், தொகுப்பு இரண்டும் எங்கள் பாடநூலில் எப்போதோ வந்துவிட்ட சொற்கள். ஒளித்தொகுப்பு என்கிறோமே, அதே தொகுப்புத்தான் இதுவும். தமிழ்நாட்டில் நொதி என்றும் ஒளிச்சேர்க்கை என்றும் எழுதுவார்கள்.

உயிர்க்கலங்களில் நடக்கும் தாக்கங்களை விரைவாக்குகிற புரதம்தான் நொதியம். அதைக் கலத்திலிருந்து பிரித்தெடுத்து, ஆய்வுகூடக் குடுவையில் விட்டு, மருந்து போன்ற சிக்கலான மூலக்கூறுகளைக் கட்டியெழுப்புவது நொதியத் தொகுப்பு.

1877 அளவில் ஜெர்மானிய உடற்றொழிலியல் அறிஞர் வில்ஹெல்ம் கூனே கொடுத்த பெயர் 'என்சைம்'. கிரேக்கத்தில் அதற்கு 'மதுவத்துக்குள்', அதாவது ஈஸ்டுக்குள், என்று பொருள். தமிழில் நொதித்தல் என்றால் நுரைத்துப் பொங்கிப் புளிப்பது. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசாமல் விட்டால் கருப்பநீர் கள்ளாகிவிடும், அதுதான் நொதித்தல். கிரேக்கச் சொல்லும் எங்கள் சொல்லும் ஒரே எண்ணத்திலிருந்து பிறந்திருக்கின்றன, அதனால் நொதியம் என்பது மிகப் பொருத்தமான ஆக்கம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் பலர் குழம்புவதும் இங்கேதான். நொதித்தலில் வேலை செய்வது உயிருள்ள மதுவம், நொதியத் தொகுப்பில் உயிர் எதுவும் வேண்டாம். 1897 இல் எடுவார்ட் புக்னர் மதுவத்தை மணலோடு அரைத்துப் பிழிந்து, கலமே இல்லாத அந்தச் சாறு சீனியை மதுசாரமாக்குவதைக் காட்டினார், 1907 இல் நோபல் பரிசும் பெற்றார். அந்தச் சாறு இல்லாவிட்டால் இன்றைய நொதியத் தொகுப்பும் இல்லை.

சரி, இரசாயனவியலாளர்கள் ஏன் நொதியத்தைத் தேடிப் போகிறார்கள்? பல மருந்து மூலக்கூறுகளுக்கு வலக்கை, இடக்கைபோல இரண்டு வடிவங்கள் உண்டு, உடம்புக்குத் தேவை பெரும்பாலும் ஒன்றுதான். நொதியம் அந்த ஒன்றையே செய்துதரும், அதுவும் கடும் வெப்பமோ அழுத்தமோ இல்லாமல். எங்கள் வீடுகளிலும் பலர் அறிந்த நீரிழிவு மருந்து சிட்டாக்ளிப்டினையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உற்பத்தியில் முன்பு உயர் அழுத்த ஐதரசனும் ரோடியம் ஊக்கியும் தேவைப்பட்டன, 2010 இல் அந்த இடத்துக்கு ஆய்வுகூடத்தில் திருத்தியமைத்த ஒரு நொதியத்தைக் கொண்டுவந்தார்கள், கழிவு 19 சதவீதம் குறைந்தது. நொதியங்களை இப்படித் திரும்பத் திரும்ப மாற்றி, நன்றாக வேலை செய்வதைத் தெரிந்தெடுக்கும் 'நெறிப்படுத்திய கூர்ப்பு' (கூர்ப்பு என்றால் பரிணாமம்) முறைக்காக அமெரிக்க விஞ்ஞானி பிரான்சிஸ் ஆர்னல்டுக்கு 2018 இல் நோபல் கிடைத்தது. அடுத்த வருடமே, எச்.ஐ.வி.க்கு எதிரான இஸ்லாட்ராவிர் மூலக்கூற்றை ஒன்பது நொதியங்களைக் கொண்டு தொகுத்துக் காட்டினார்கள்.

மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினையும் சிலர் இந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள். மரபணு மாற்றிய மதுவம் ஆர்ட்டிமிசினிக் அமிலம் வரைக்கும் செய்துதரும், மிச்ச வேலையை ஒளியும் இரசாயனமும் முடிக்கும். அதை நொதியத் தொகுப்பு என்று எழுதாதீர்கள், முதல் பாதி நொதித்தல், அப்புறம் வருவது சாதாரண இரசாயனத் தொகுப்பு.