சிரித்த முகத்துடன் வரும் வில்லன்

குழந்தைக் கதைகளில் கெட்டவரை அடையாளம் காண்பது எளிது. கோணல் பல், கரகரத்த குரல், கறுப்பு அங்கி. சின்ன வயதில் இந்தத் தெளிவு தேவைதான். பத்து வயதிலும் இப்படிப்பட்ட கதைகளை மட்டுமே கொடுப்பதில்தான் ஆபத்து. குழந்தைகள் மனநல ஆலோசகராக அதை இரண்டு விதங்களில் பார்க்கிறேன்.

தம்பியை அடித்துவிட்ட எட்டு வயதுப் பையன் "நான் கெட்ட பையன்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறான். அவனுக்குத் தெரிந்த கதைகளில் கெட்டவர்கள் தோற்று ஒழிகிறார்கள். அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? பயத்தில் நண்பனைக் காட்டிக்கொடுக்கும் ஒரு சிறுவனின் கதையைச் சேர்ந்து படித்தோம். பாதியில் நிறுத்தி, "இவனுக்குப் பொறாமை, இல்லையா?" என்றான். கதையில் பொறாமை எங்குமே இல்லை. தம்பியைப் பற்றிய பேச்சு அங்கேதான் தொடங்கியது.

மற்றது இன்னும் கவலைக்குரியது. குழந்தைகளிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபடுபவர்களில் பெரும்பாலோர் அந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள். பாராட்டுவார்கள், பரிசு கொடுப்பார்கள். கெட்டவரைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்று நம்பி வளர்ந்த குழந்தை, "அவர் நல்லவர்தானே, அப்படியானால் தப்பு என்மேல்தான்" என்று நினைத்துக்கொள்கிறது.

இதனால்தான் 1883இல் நூலாக வந்த 'புதையல் தீவு' நாவலின் லாங் ஜான் சில்வரைப் பெற்றோருக்கு அறிமுகப்படுத்துகிறேன். கலகலப்பான கப்பல் சமையல்காரன். சிறுவன் ஜிம்மிடம் அவனுக்கு ஒரு பிரியமும் உண்டு, கொலையும் செய்கிறான். ஆப்பிள் பீப்பாய்க்குள் இருக்கும் ஜிம், தன்னைப் புகழ்ந்த அதே வார்த்தைகளால் சில்வர் இன்னொரு மாலுமியையும் மயக்குவதைக் கேட்கிறான். வசப்படுத்தும் பேச்சு எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு குழந்தைக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

வில்லனுக்குச் சோகமான இளமைக்காலம் ஒன்றைக் கொடுத்து, அவன் செய்ததையெல்லாம் மறக்கச் சொல்லும் கதைகளும் உண்டு. அவற்றை நான் ஏற்பதில்லை. காரணம் புரிந்துவிட்டால் செய்தது சரியாகிவிடாது. எனவே "இவன் நல்லவனா, கெட்டவனா?" என்று தீர்ப்பு கேட்காதீர்கள். "ஏன் செய்தான்?" என்று கேளுங்கள், கூடவே "யாருக்கு வலித்தது?" என்றும் கேளுங்கள். ஒன்றைக் கேட்டு மற்றதை விட்டுவிட வேண்டாம்.

படிக்கும்போது குழந்தை ஓர் இடத்தில் சட்டென்று மௌனமானால் துருவித் துருவிக் கேட்காதீர்கள். புத்தகத்தை மூடிவிட்டுப் பக்கத்திலேயே இருங்கள். அதே பாத்திரத்தைப் பற்றிய பயம் நாள்கணக்கில் நீடித்தாலோ, தெரிந்த யாரோ ஒருவரின் பெயர் அந்தப் பேச்சில் வந்தாலோ, தாமதிக்காமல் ஆலோசகரை அணுகுங்கள்.