பேஸ்பாலில் ஏன் இடமாகவே சுற்றுகிறார்கள்?

போன வசந்தத்தில் 11 வயதுப் பையன் ஒருவனைப் பாட்டி கிளினிக்குக் கூட்டிவந்தார். வலது கணுக்கால் வெளிப்பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. முதல் பேஸை மிதித்தபோது பிரண்டுவிட்டதாம். நான் காலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாட்டி கேட்டார்: "ஏம்மா, இந்தப் பிள்ளைங்க ஏன் அப்பிரதட்சிணமாவே ஓடறாங்க? மூணு வாரமாப் பார்க்கறேன், ஒருத்தன்கூட வலமா சுத்தலையே!"

நியூ ஜெர்சியில் பல வருடமாக பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். இதை என்னிடம் ஒரு அமெரிக்கப் பெற்றோர்கூடக் கேட்டதில்லை. அவர்களுக்கு அது பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய காட்சி. ஆனால் பாட்டியின் கேள்விக்கும் பேரனின் வீக்கத்துக்கும் சம்பந்தம் உண்டு.

கிரிக்கெட் மட்டுமே பார்த்தவர்களுக்காகச் சொல்கிறேன். பேஸ் என்பது ஓடுகிறவர் தொட வேண்டிய சதுரத் திட்டு; ஹோம் பிளேட் என்பது பந்தை அடிப்பவர் நிற்கும் இடம். அடித்தவர் ஹோம் பிளேட்டிலிருந்து தன் வலப்பக்கம் இருக்கும் முதல் பேஸுக்கு ஓடுகிறார். அங்கிருந்து இடது பக்கமாகத் திரும்பித் திரும்பி இரண்டு, மூன்று என்று சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்தால் ஒரு ரன். பெரியவர்கள் ஆட்டத்தில் பேஸுக்கு பேஸ் 90 அடி. பந்து வீசுபவர் எப்போதும் ஓடுபவரின் இடக்கைப் பக்கமே இருப்பார்.

நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் கிளப் 1845-இல் எழுதிய விதிகளில் பேஸ்களுக்கு இடையிலான தூரம் இருக்கிறது, சுற்றும் திசை இல்லை. ஆனால் அதில் வேறொரு வரி உண்டு: ஓடுகிறவன் மேல் பந்தை எறியக் கூடாது. அதற்கு முந்தைய ஆட்டங்களில் பந்தால் ஆளையே அடித்து அவுட் ஆக்குவார்கள். அது போனதும், பேஸில் நிற்கும் தன் ஆள் கைக்குப் பந்தைச் சீக்கிரம் சேர்ப்பதுதான் ஆட்டம் என்றாகிவிட்டது. எறிபவர்களில் பெரும்பாலோர் வலக்கைக்காரர்கள். திசை இப்படியே நிலைத்ததற்கு அதுதான் காரணம் என்பேன்.

நம்பிக்கை இல்லையென்றால் எழுந்து நின்று பாருங்கள். டிவியை ஹோம் பிளேட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அதைப் பார்த்து நிற்கும் ஷார்ட் ஸ்டாப், அதாவது இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில் நிற்கும் ஃபீல்டர். முதல் பேஸ் உங்கள் இடப்பக்கம். இடக்கை கிளவில் பந்தைப் பிடித்து வலக்கைக்கு மாற்றும்போதே இடது தோள் முதல் பேஸைக் காட்டிக்கொண்டிருக்கும். ஒரு எட்டு வைத்து எறிந்துவிடலாம். இப்போது முதல் பேஸை வலப்பக்கம் மாற்றிவிட்டு எறிந்து பாருங்கள். உடம்பை அரைவட்டம் திருப்பினால்தான் கை வரும். அதற்குள் ஓடுகிறவன் பேஸைத் தொட்டுவிடுவான்.

இதனால் வாய்ப்பை இழப்பது இடக்கைப் பிள்ளைகள். இடக்கையால் எறிபவர்களை ஷார்ட் ஸ்டாப், இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ் பக்கம் பெரும்பாலும் விடமாட்டார்கள். "கோச் ஓரவஞ்சனை பண்றார்" என்று என்னிடம் புலம்பிய அப்பாக்கள் உண்டு. ஓரவஞ்சனை இல்லை சார், சுற்றும் திசைதான் காரணம். அடிக்கும்போது கதையே மாறும்: இடக்கை பேட்டர் முதல் பேஸுக்கு ஓரிரு எட்டு பக்கத்தில் நிற்கிறார், சுழற்றிய வேகமும் அவரை அந்தப் பக்கமே தள்ளுகிறது. வலக்கையால் எறிந்து இடக்கையில் பேட் செய்த ஜப்பானிய வீரர் இச்சிரோ சுசுகி 2004-இல் அமெரிக்காவின் மேஜர் லீகில் ஒரே சீசனில் 262 ஹிட் (பந்தை அடித்துப் பத்திரமாக பேஸ் சேர்வது) எடுத்தார். அந்தச் சாதனையை இன்னும் யாரும் தாண்டவில்லை.

(தலைகீழாக ஓடியவர்களும் உண்டு. 1911-இல் ஜெர்மனி ஷேஃபர் என்ற பெயருள்ள ஆட்டக்காரர் எதிரணியைக் குழப்புவதற்காக இரண்டாம் பேஸிலிருந்து முதல் பேஸுக்கே திரும்பி ஓடினார். இப்போது அப்படிச் செய்தால் அவுட்.)

சரி, கணுக்காலுக்கு வருவோம். தரையில் அடிபட்ட பந்து பெரும்பாலும் முதல் பேஸுக்குத்தான் எறியப்படுகிறது. அங்கே பந்து பிடிப்பவரின் கால் பேஸின் உள்விளிம்பில் இருக்க வேண்டும். ஓடுகிறவன் வெளிப்பக்கமாக வந்து முன்விளிம்பை மிதித்து நேராகத் தாண்டிப் போக வேண்டும். பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? பந்து எங்கே என்று இடப்பக்கம் பார்த்துக்கொண்டே வந்து, கடைசி எட்டில் தாவி, பேஸின் நடுவிலோ அடுத்தவன் காலின் மேலோ இறங்குகிறார்கள். நம் பையனும் அப்படித்தான். அகலம் 15 அங்குலம் இருந்த பேஸை மேஜர் லீக் 2023-இல் 18 ஆக்கியதற்கு இந்த மோதலும் ஒரு காரணம். உங்கள் பிள்ளையின் லீகில் இரட்டை முதல் பேஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். வெள்ளைப் பாதி பிடிப்பவருக்கு, ஆரஞ்சுப் பாதி ஓடுபவருக்கு. இவ்வளவு எளிதான பாதுகாப்பு வேறில்லை.

பிரண்டுவிட்டால் "சுளுக்குதானே" என்று எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். அந்த வயதில் எலும்பின் நுனியில் வளர்தட்டு, அதாவது எலும்பு நீள்வதற்கான மென்மையான பகுதி, இருக்கும். தசைநாரைவிட அதுதான் சுலபமாக அடிபடும். பிள்ளையால் நாலு எட்டு நடக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்பை அழுத்தினால் துடித்தாலோ அன்றைக்கே எக்ஸ்ரே எடுங்கள். இந்தப் பையனுக்கு எலும்பில் ஒன்றுமில்லை, தசைநார்தான்.

வலி போனதும் நேராக பேஸ் ஓட விடுவதில்தான் பல கோச்சுகளோடு எனக்குச் சண்டை. வளைவில் ஓடும்போது வெளிக்காலும் உள்காலும் ஒரே வேலை செய்வதில்லை. சீசன் முழுக்க இடப்பக்கமே திரும்பும் பிள்ளைக்கு வலது கால் எப்போதும் வெளிக்கால்தான். அதனால் முதலில் ஒற்றைக்காலில் நிற்கச் சொல்வேன், அப்புறம் குதிப்பு, அப்புறம் '8' வடிவில் ஓட்டம். அதில் இரண்டு பக்கமும் திரும்பியாக வேண்டும். பேஸ் கடைசியில்தான். அடிபடாத பிள்ளைகளுக்கும் வார்ம்-அப்பில் பாதியை எதிர்த்திசையில் ஓடச் சொல்கிறேன்.

ஆறாவது வாரம் மைதானத்துக்கே போய்ப் பார்த்தேன். பையன் வெளிவேலியை ஒட்டி வலமாக ஒரு சுற்று ஓடிக்கொண்டிருந்தான். மடக்கு நாற்காலியில் இருந்த பாட்டி என்னைப் பார்த்ததும், "இப்பத்தான் ஒழுங்கா சுத்தறான்" என்றார்.