இ20 பெட்ரோல்: உங்கள் வண்டியின் ரப்பர் பாகங்கள் தாங்குமா, விதி என்ன சொல்கிறது?

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து விற்பதே இ20 திட்டம். தேசிய உயிரி எரிபொருள் கொள்கை 2018-இல் இதற்கு 2030-ஐ இலக்காக வைத்தது. 2022-இல் வந்த திருத்தம் அதை 2025-26 எத்தனால் வழங்கல் ஆண்டுக்கு முன்கூட்டியே கொண்டுவந்தது. எரிபொருள் மாறும்போது, அதிலேயே ஊறிக் கிடக்கும் ஹோஸ், இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் ஓ-ரிங், கேஸ்கட் ஆகியவை அதைத் தாங்குமா என்பதற்கு யார் பொறுப்பு? மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 மார்ச் 8 அன்று வெளியிட்ட அறிவிக்கையின்படி, வண்டி எந்த அளவு கலப்புக்கு ஏற்றது என்பதைத் தயாரிப்பாளரே வரையறுத்து, தெளிவாகத் தெரியும்படி வண்டியில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும்.

அந்தச் சிறிய ஸ்டிக்கருக்குப் பின்னால் நீண்ட சோதனை இருக்கிறது. ரப்பர்த் துண்டு ஒன்றை எடைபோட்டு, கடினத்தன்மையை அளந்து, எரிபொருள் நிரப்பிய மூடிய கலத்தில் குறித்த வெப்பநிலையில் பல நாள் ஊறவைத்து, மறுபடியும் அளக்கிறார்கள். எத்தனால் புகுந்த ரப்பர் உப்பி மிருதுவாகும். அதை உலர்த்தினால், அதிலிருந்த நெகிழ்வூட்டும் பொருள் எரிபொருளோடு கரைந்து போயிருப்பதால், முன்பிருந்ததைவிடச் சுருங்கி விறைத்துப்போகவும் கூடும். ஊறியபோது இறுக்கமாக இருந்த ஓ-ரிங் காய்ந்தபின் கசிவது இதனால்தான். எத்தனால் ஈரத்தை ஈர்ப்பது என்பதால், உலோகப் பாகங்களை அரிப்புக்கும் சோதிக்க வேண்டும். நீர், உப்பு, அமிலம் சிறிதளவு சேர்த்த கடுமையான எத்தனாலைச் சோதனைத் திரவமாக்குவதும் உண்டு.

பாகங்கள் தாங்குவது வேறு, எஞ்சின் அந்த எரிபொருளுக்கென்றே டியூன் செய்யப்பட்டிருப்பது வேறு. நிதி ஆயோக்கின் 2021 வழித்திட்ட அறிக்கை, புதிய வண்டிகளில் முதலாவது தொடங்க 2023 ஏப்ரலையும், இரண்டாவது தொடங்க 2025 ஏப்ரலையும் குறித்தது. எத்தனாலில் பெட்ரோலைவிட ஆற்றல் குறைவு; ஆகவே, இ10-க்கு (10 சதவீத எத்தனால் கலப்பு) வடிவமைத்து இ20-க்கு டியூன் செய்த கார்களில்கூட மைலேஜ் 1 முதல் 2 சதவீதம் குறையும் என்று அதே ஆவணம் மதிப்பிட்டது.

சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடியபின் ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டுகளையும் மாற்ற வேண்டிவரலாம் என்றும், செலவு குறைவு என்றும் பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் கூறியது. செலவு சிறிதுதான், ஆனால் எந்தப் பாகம் என்று உரிமையாளருக்குச் சொல்லப்படாவிட்டால் அந்த ஆறுதலால் பயனில்லை. ஸ்டிக்கர் இல்லாத வண்டி வைத்திருப்போர், மாடலையும் தயாரிப்பு ஆண்டையும் குறிப்பிட்டுத் தயாரிப்பு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, மாற்ற வேண்டிய பாகங்களின் பட்டியலை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ ஹோஸ் பிசுபிசுத்தாலோ அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்க வேண்டாம்.