தாவரச் சேர்மத்துக்கு ஏன் 'தனிமை'?

"சிங்கோனா மரப்பட்டையிலிருந்து குயினைன் தனிமைப்படுத்தப்பட்டது." தாவர வேதியியல் பற்றித் தமிழில் வரும் கட்டுரை எதைத் திறந்தாலும் இப்படி ஒரு வாக்கியம் கண்ணில் படுகிறது. இது தவறு. தனிமைப்படுத்துவது தொற்று உள்ள நோயாளியை, சேர்மத்தை அல்ல.

'தனிமைப்படுத்தல்' என்பது ஆங்கில 'ஐசொலேஷன்' என்பதன் மொழிபெயர்ப்பு. அதன் வேர் லத்தீனின் 'இன்சுலா', அதாவது தீவு. இத்தாலியம், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நோயாளியை ஒதுக்கி வைப்பதற்கும் கலவையிலிருந்து ஒரு பொருளைப் பிரிப்பதற்கும் ஆங்கிலத்தில் இந்த ஒரே சொல். தமிழிலும் ஒரே சொல்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

தனிமை என்பது துணையில்லாத நிலை. உயிருள்ளவர்க்கு வருவது. 'தனிமைப்படுத்தல்தான் 2020க்குப் பிறகு எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே, அதையே வைத்துக்கொள்ளலாமே' என்பார்கள். எல்லோருக்கும் தெரிந்திருப்பதுதான் சிக்கல். படிக்கிறவர் மனத்தில் பூட்டிய அறைதான் வந்து நிற்கும். இன்னொரு குழப்பமும் உண்டு. வேதியியலில் 'தனிமம்' என்றால் ஆக்சிஜன், கார்பன் போன்றவை. 'சேர்மம்' அவை சேர்ந்து உண்டானது. 'சேர்மத்தைத் தனிமைப்படுத்தினர்' என்று படிக்கும் பள்ளி மாணவர், சேர்மத்தை உடைத்துத் தனிமங்களாக்கிவிட்டார்கள் என்று நினைத்தால் அவர்மேல் பிழை சொல்ல முடியாது. நடந்ததோ அதற்கு நேர் எதிர்: சேர்மம் உடையாமல் முழுசாக வெளியே வந்திருக்கிறது.

'பிரித்தெடுத்தல்' என்ற நல்ல சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. மற்றவற்றிலிருந்து பிரி, அப்புறம் எடு. வேலையும் அதே வரிசையில்தான் நடக்கிறது. ஆனால் இதை 'எக்ஸ்ட்ராக்‌ஷன்' என்பதற்கும் போட்டுவிடுகிறார்கள். அதற்குச் 'சாறு இறக்குதல்' இருக்கிறது. தைலம் இறக்குவது என்கிறோமே, அதே இறக்குதல். காய்ந்த இலைத்தூளை எத்தனாலில் ஊறவைத்து, வடிகட்டி, எத்தனாலை ஆவியாக்கினால் பழுப்பாக ஒரு பசை மிஞ்சும். அது சாறு. பல சேர்மங்கள் அதில் கலந்து கிடக்கும். அந்தப் பசையைச் சிலிக்கா நிரப்பிய கண்ணாடிக் குழாயின் மேலே வைத்துக் கரைப்பானை ஊற்றினால், சேர்மங்கள் வெவ்வேறு வேகத்தில் கீழே இறங்கும். சிறு சிறு சோதனைக்குழாய்களில் அவற்றைப் பிடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு துளியை, சிலிக்காவை மெல்லிதாகப் பூசிய மெல்லடுக்குத் தகட்டில் ஓட்டிப் பார்ப்பார்கள். ஒரே ஒரு புள்ளி மட்டும் தெரிகிற குழாயில் இருப்பதுதான் பெரும்பாலும் பிரித்தெடுத்த சேர்மம்.

இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் வரலாறே மாறிப்போகும். சீன அறிவியலாளர் டூ யூயூவின் குழு குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு ஆர்ட்டெமிசியா அன்னுவா செடியிலிருந்து இறக்கிய சாறு, எலிகளின் மலேரியாவை விரட்டியது 1971இல். அந்தச் சாற்றிலிருந்து ஆர்ட்டெமிசினின் என்ற மலேரியா மருந்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தது 1972இல். இரண்டுக்கும் 'பிரித்தெடுத்தனர்' என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர், ஒரே கண்டுபிடிப்புக்கு இரண்டு ஆண்டு கொடுத்தவர் ஆகிறார்.

உலர்ந்த வேரில் ஏது சாறு என்று சிலர் கேட்கிறார்கள். சரி, கேள்வி நியாயம்தான். ஆனால் வேர் உலர்ந்திருந்தாலும் கரைப்பானில் இறங்கி வருவது அதன் சாரம். சாறும் சாரமும் நெருங்கிய சொற்கள். 'சாரம் இறக்குதல்' என்றாலும் எனக்குச் சம்மதமே. 'தனிமை' மட்டும் வேண்டாம்.

'தனிமைப்படுத்தினர்' என்று எழுதுகிற இதே ஆட்கள் அடுத்த வரியில் 'அடையாளப்படுத்தினர்' என்று எழுதுவார்கள். எந்த வினையைக் கண்டாலும் 'படுத்தல்' ஒட்டுகிற பழக்கம் இது. அடையாளம் காண்பது, முன்பே தெரிந்த சேர்மத்தை உருகுநிலையாலும் நிறமாலையாலும் இன்னதென்று சொல்வது. புதிய சேர்மம் என்றால் அதன் அமைப்பை நிறுவ வேண்டும். அது வேறு வேலை. பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெல்லட்டியேயும் காவன்டூவும் குயினைனைப் பிரித்தெடுத்தது 1820இல். அதில் எந்த அணு எதனோடு பிணைந்திருக்கிறது என்பதை ஜெர்மன் வேதியியலாளர் பால் ராபே நிறுவியது 1908இல். இதை 'கட்டமைப்புத் தெளிவுபடுத்தல்' என்று எழுதுகிறார்கள். 'அமைப்பை நிறுவினார்' என்று எழுதினால் போதும்.