பனிக்கட்டி வாளியில் ஊமையாகும் சோவாவே

இத்தாலியின் வெரோனாவில் ஓர் உணவகத்தில் ஒயின் பரிமாறுவது என் வேலை. சோவாவே கேட்டு வாங்குபவர்களில் சிலர் முதல் மடக்கிலேயே முகம் சுளிப்பார்கள். "தண்ணீர் மாதிரி இருக்கிறதே" என்பார்கள். ஒயினில் குறை இருப்பது அபூர்வம். கெடுத்தது பெரும்பாலும் பனிக்கட்டி வாளிதான்.

சோவாவே என்பது வெரோனாவுக்குக் கிழக்கே, கோட்டை மதில் சூழ்ந்த ஒரு சிற்றூர். அங்கே விளையும் வெள்ளை ஒயினுக்கும் அதே பெயர். அதில் குறைந்தது 70 சதவீதம் கார்கானேகா திராட்சை இருக்க வேண்டும் என்பது விதி. முகர்ந்தால் வெள்ளைப் பூக்களும் எலுமிச்சைத் தோலும் வரும். விழுங்கியபின் அடிநாக்கில் பாதாம் பருப்பின் மெல்லிய கசப்பு நிற்கும். அந்தக் கசப்புக்காகத்தான் நான் இதைச் சாப்பாட்டுடன் சிபாரிசு செய்கிறேன். ஃபிரிட்ஜின் 4 டிகிரியில் மணம் எழாது, புளிப்பு மட்டும் பல்லில் கூசும். நல்ல சோவாவேக்கு 10 முதல் 12 டிகிரி போதும்.

போன வசந்தத்தில் ஒரு தம்பதி பாட்டிலையே மாற்றித் தரச் சொன்னார்கள். வாளியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, இருபது நிமிடம் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். சமையலறையிலிருந்து பக்கலா என்ற மீன் பதார்த்தம் வந்த நேரத்தில் அந்த அம்மாள் கோப்பையை மறுபடி முகர்ந்தார். பாட்டிலை மாற்றச் சொல்லும் பேச்சு அதோடு நின்றது.

பக்கலா அல்லா விச்செந்தினா, பக்கத்து நகரமான விச்சென்சாவின் பெருமை. நார்வேயிலிருந்து வரும், உப்பிடாமல் காற்றில் உலர்த்திய காட் மீன் அது. நம் கருவாட்டின் தூரத்து உறவு எனலாம். இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறவைத்து, வெங்காயம், நெத்திலி, பால், ஆலிவ் எண்ணெயுடன் நான்கு மணி நேரத்துக்கும் மேலாகச் சிறுதீயில் வைப்பார்கள். கரண்டி போட்டுக் கிளறக் கூடாது, சட்டியைப் பிடித்து ஆட்டத்தான் வேண்டும். மக்காச்சோள மாவுக் களியான பொலெந்தாவோடு வாயில் வைத்தால் நாக்கெல்லாம் எண்ணெய்ப் படலம். சோவாவேயின் புளிப்பு அதை வழித்தெடுக்கிறது, பாதாம் கசப்பு பாலின் இனிப்பைத் திகட்டவிடாமல் பிடிக்கிறது. இதைவிடப் பொருத்தமான ஜோடியை நான் பார்த்ததில்லை. பச்சைப் பட்டாணிச் சோறான ரிசி ஏ பிசியும், வெங்காயம், வினிகர், உலர் திராட்சையில் ஊறும் பொரித்த மத்தியும் அடுத்தபடி.

மீனுக்குச் சிவப்பு ஒயின் ஏன் ஒத்துவருவதில்லை என்று கேட்பவர்கள் உண்டு. ஒயினில் கரைந்திருக்கும் இரும்பு, மீனின் கொழுப்போடு சேர்ந்து கவிச்சியைக் கிளப்புகிறது. இரும்பு பொதுவாகச் சிவப்பில்தான் கூடுதல்.

வாங்கும்போது லேபிளில் 'கிளாசிகோ' என்ற சொல்லைத் தேடுங்கள். 1968-இல் இந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தபோது சமவெளித் தோட்டங்களும் எல்லைக்குள் வந்துவிட்டன. கிளாசிகோ என்றால் சோவாவே, மோந்தேஃபோர்தே ஊர்களைச் சுற்றிய பழைய குன்றுப் பகுதி. எரிமலைக் கருங்கல் மண் அங்கே நிறைய. சமவெளியிலும் கவனமாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் பெயர் தெரியாத பாட்டில் என்றால் நான் குன்றையே நம்புவேன்.

ஆஸ்துமா உள்ளவர்கள் இன்னொரு வரியையும் படிக்க வேண்டும்: 'கொந்தியேனே சொல்ஃபீதி', அதாவது ஒயின் கெடாமல் காக்கும் சல்ஃபைட் கலந்தது. லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் இதை அச்சிட்டே ஆக வேண்டும். சிவப்பில்தான் சல்ஃபைட் அதிகம் என்று பலரும் நினைக்கிறார்கள். ஐரோப்பிய வரம்பு நேர்மாறு: இனிப்பில்லாத சிவப்புக்கு 150, வெள்ளைக்கு 200 மில்லிகிராம். சிலருக்கு இது மூச்சிரைப்பைத் தூண்டும். அதனால் முதல்முறை வருபவர்களிடம் ஊற்றுமுன் கேட்டுவிடுகிறேன்.

கூடவே, வண்டி யார் ஓட்டுகிறார்கள் என்றும் கேட்பேன். இத்தாலியில் இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் வரம்பு, உரிமம் வாங்கி மூன்று ஆண்டு ஆகாதவர்களுக்குப் பூஜ்யம். சாவி வைத்திருப்பவருக்கு எலுமிச்சைத் துண்டு போட்ட தண்ணீர் தருவேன். பக்கலா எல்லோருக்கும் ஒன்றுதான்.