பாதிச் சரக்குக்குப் பாலிசி எடுத்தால் பாதி நஷ்டம் உங்கள் தலையில்

ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகும் இதே கோப்பு மேசைக்கு வருகிறது. குடோனில் தண்ணீர் புகுந்து 20 லட்ச ரூபாய் சரக்கு நாசம். பாலிசி 40 லட்சத்துக்கு. காப்பீட்டுக் கம்பெனி தருவதோ 10 லட்சம். “40 லட்சத்துக்குப் பிரீமியம் கட்டியிருக்கேன், 20 லட்சம் கொடுக்க என்ன கஷ்டம்? கேஸ் போடுங்க சார்.”

போட்டால் தோற்போம். நஷ்டத்தை மதிப்பிட வரும் சர்வேயர் நஷ்டத்தை மட்டும் கணக்கெடுப்பதில்லை. வெள்ளம் வந்த அன்று அந்த குடோனில் மொத்தம் எவ்வளவு சரக்கு இருந்தது என்றும் பார்ப்பார். 80 லட்சம் என்று வந்தால், பாதி மதிப்புக்குத்தான் காப்பீடு இருக்கிறது. எந்த நஷ்டம் வந்தாலும் பாதிதான் கிடைக்கும். மேல் அடுக்கில் நனையாமல் தப்பிய சரக்கும் அந்த 80 லட்சத்தில் சேரும். “நனைந்தது 40 லட்சத்துக்குள்தானே” என்ற வாதம் எங்கும் எடுபடாது. காப்பீடு செய்யும் சொத்து மதிப்பு 5 கோடிக்கு உட்பட்ட சிறு தொழில்களுக்கு 2021 ஏப்ரலில் வந்த ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ பாலிசியில் 15 சதவீதம் வரையிலான குறைவைக் கண்டுகொள்ள மாட்டார்கள். பாதிக்குப் பாதி குறைந்தால் அந்தச் சலுகை உதவாது.

இந்தப் பாலிசியைப் பல நேரம் எடுத்தது வங்கி. கடன் தொகைக்கு ஈடாக ஓர் எண்ணைப் போட்டு, பிரீமியத்தை உங்கள் கணக்கில் கழித்திருக்கும். வங்கிக்குத் தேவை அதன் கடனுக்கான பாதுகாப்பு. உங்கள் முழுச் சரக்கின் மதிப்பைப் பார்க்க வேண்டியது நீங்கள்தான். பாலிசிப் பிரதியை இன்றே கேட்டு வாங்குங்கள். குடோன் முகவரி சரியா, இடம் மாறியதை எழுதிக் கொடுத்தீர்களா, காப்பீட்டுத் தொகை ஆண்டின் உச்சகட்ட சரக்குக்குப் போதுமா என்று பாருங்கள். தீபாவளிக்கு முன் நிரம்பும் குடோனுக்கு ஜூன் மாதக் கணக்கு பத்தாது.

கூடுதல் கடனுக்காக வங்கிக்குக் கொடுக்கும் சரக்குக் கணக்கில் (ஸ்டாக் ஸ்டேட்மென்ட்) சரக்கை ஏற்றிக் காட்டுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தாள் சர்வேயர் கைக்கு வரும். ஜிஎஸ்டி ரிட்டர்னும் வரும். இரண்டும் முட்டினால் நஷ்டத்துக்குச் சிறிய எண்ணையும் மொத்தச் சரக்குக்குப் பெரிய எண்ணையும் எடுத்துக்கொள்வார்கள். இரண்டு பக்கமும் அடி.

வழக்காட இடம் இருப்பது அந்த 80 லட்சத்தில்தான். சர்வேயர் கொள்முதல் விலைக்குப் பதில் விற்பனை விலை போட்டிருக்கிறாரா? பாலிசியில் சேராத, ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலி வேலைக்கு வந்த அடுத்தவர் துணியையும் சேர்த்திருக்கிறாரா? திருப்பூர் யூனிட்டுகளில் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இது. சர்வே அறிக்கை இறுதி வார்த்தை அல்ல என்று பிரதீப் குமார் வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் அதை உடைக்க உங்களிடம் பில் வேண்டும், கோபம் போதாது. அறிக்கையின் நகலை எழுத்தில் கேளுங்கள்.

தயவுசெய்து, சர்வேயர் பார்ப்பதற்குள் நனைந்த சரக்கைக் காயலான் கடைக்குத் தள்ளிவிடாதீர்கள். அழுகி நாறுகிறது, அகற்றியே ஆக வேண்டும் என்றால் தேதியோடு படம் எடுத்து, எண்ணி, கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு அகற்றுங்கள்.

முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன் என்ற வவுச்சரில் வேறு வழியின்றிக் கையெழுத்திட்டால், அதே வாரம் ஆட்சேபக் கடிதம் போகட்டும். மோசடியாலோ நிர்ப்பந்தத்தாலோ வாங்கிய கையெழுத்து உரிமையைப் பறிக்காது என்பது 1999 முதல் சட்டம். ஒன்றரை வருடம் சும்மா இருந்துவிட்டு நிர்ப்பந்தம் என்றால் நுகர்வோர் ஆணையம் நம்பாது.

நுகர்வோர் ஆணையத்துக்குக் கெடு 2 ஆண்டு. கம்பெனி மறுத்த பிறகு நீங்கள் அனுப்பும் நினைவூட்டல் கடிதங்கள் அந்தக் கெடுவை ஒரு நாள்கூட நீட்டாது. தனி உரிமையாளர் தொழிலும் குறுந்தொழிலும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமில்லை, வக்கீல் வேண்டாம், ஆனால் கம்பெனி மறுத்த ஓராண்டுக்குள் போக வேண்டும்.